ஈசலுக்கு ஒரு நாளா? உயிர்களின் ஆயுள் பற்றி ஓர் உரை



மழைக்காலத்து மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் பறப்பதையும், விடிந்தபின் அவற்றின் சிறகுகள் திண்ணையெங்கும் உதிர்ந்து கிடப்பதையும் காணாத வீடு சிற்றூர்களில் இராது. ஈசல் வாழ்வு என்றால் ஒரு நாள் வாழ்வு என்பது தமிழில் நிலைத்துவிட்ட வழக்கு. நிலையாமையைப் பேச வரும் சொற்பொழிவாளர் எவரும் ஈசலை விட்டுவைப்பதில்லை. உயிரியல் சொல்லும் செய்தியோ வேறு. ஈசல் தனியோர் இனமன்று. புற்றிலிருந்து இணைதேடிப் புறப்படும் சிறகு முளைத்த கறையானே ஈசல். ஒரு புற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் புறப்படுகின்றன. பல்லி, தவளை, ஓணான், காக்கை ஆகியவற்றின் வாய்க்குத் தப்புவன மிகச் சில. தப்பிய ஆணும் பெண்ணும் சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்து புதிய புற்றைத் தொடங்குகின்றன. அந்தப் பெண் ஈசலே பின்னாளில் அரசிக் கறையான். புற்றின் நடுவறையில் இருந்தபடி பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் அது முட்டையிட்டு வாழக்கூடும். பூச்சியுலகில் அத்தகைய நீண்ட வாழ்வு மிக அரிது.

ஒரு நாள் வாழ்வுக்கு உவமையாக நிற்கும் உயிரே பூச்சிகளுள் நெடுவாழ்வு உடையதாகவும் இருக்கிறது. அதே அரசியின் வயிற்றில் பிறந்து புற்றுக்கு வெளியே இரை தேடி அலையும் வேலைக்காரக் கறையான்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஒரே குருதி, ஒரே புற்று. ஆயுள் மட்டும் வேறு. இந்த வேற்றுமை எங்கிருந்து வருகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஆயுள் என்னும் ஒரே சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஓர் இனத்தில் பிறந்த அனைத்தும் வாழ்ந்த காலத்தைக் கூட்டி வகுத்தால் வருவது ஒன்று. அவ்வினத்தின் உடல், விபத்தும் பகையும் இல்லாவிடில், எவ்வளவு காலம் தாங்கும் என்பது மற்றொன்று. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டு. அதனால் அன்று எல்லோரும் முப்பது வயதில் முதுமையடைந்து மாண்டனர் என்று பொருளாகாது. எண்பது வயதுப் பாட்டனார் அன்றும் ஊருக்கு ஊர் இருந்தனர். பிறந்த ஓராண்டுக்குள் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையே சராசரியைக் கீழே இழுத்தது. சிட்டுக்குருவியின் நிலையும் அதுவே. பெரும்பாலான குஞ்சுகள் முதல் ஆண்டைக் கடப்பதில்லை. கடந்தவற்றுள் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு.

இரண்டாவது, வயதை அறிவது எப்படி என்பது. ஆமையும் கிளியும் பற்றிய கதைகளில் நூற்றாண்டுகள் மலிந்து கிடக்கும். கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் 2006இல் இறந்த அத்வைதா என்னும் பேராமை, இராபர்ட் கிளைவின் தோட்டத்தில் வளர்ந்தது, 250 வயதைத் தாண்டியது என்று சொல்லப்பட்டது. அதனை ஐயமற நிறுவும் ஆவணம் கிடைக்கவில்லை. செயிண்ட் ஹெலினா தீவில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் வாழ்ந்துவரும் ஜோனதன் என்னும் ஆமைக்கு நல்ல சான்று உண்டு. முழு வளர்ச்சி பெற்ற ஆமையாகவே அது 1882இல் அத்தீவுக்கு வந்தது. அதனைக் கொண்டு அதன் பிறப்பு 1832ஆம் ஆண்டை ஒட்டியது என மதிப்பிடுகின்றனர்.

எழுதி வைத்த ஆவணம் இல்லாத இடத்தில் உடலே ஆவணமாகிறது. மரத்தின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையம் இருப்பதுபோல், குளிர்கடல் மட்டியின் ஓட்டிலும் ஆண்டுக்கொரு கோடு படிகிறது. 2006இல் ஐஸ்லாந்தை ஒட்டிய கடலடியிலிருந்து ஆய்வுக்காக மட்டிகள் அள்ளப்பட்டன. கடலின் பழைய வெப்பநிலையை ஓட்டுக் கோடுகளிலிருந்து அறிவது ஆய்வின் நோக்கம். அள்ளிய மட்டிகள் கப்பலிலேயே உறைய வைக்கப்பட்டன. பின்னர் ஓடுகளை அறுத்துக் கோடுகளை எண்ணியபோது ஒரு மட்டிக்கு 405 வயது என்று முதலில் தெரிந்தது. மீண்டும் நுணுக்கமாக எண்ணி 2013இல் 507 என்று திருத்தினர். அது பிறந்தது 1499இல். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பயணம் முடித்து லிஸ்பன் திரும்பிய ஆண்டு. அந்நாளில் சீனத்தை ஆண்ட மரபின் பெயரால் அம்மட்டிக்கு மிங் என்று பெயர் இட்டனர். பெயர் வைக்கும்போது உயிர் இல்லை. தொல்காப்பியம் ஈரறிவுயிராக வைத்த இனத்தைச் சேர்ந்த ஒன்று, கடலடி மணலில் ஐந்நூறு ஆண்டு இருந்துவிட்டு, அதன் வயதை அறிய முனைந்தோரின் கையால் மாண்டது. அறிவியலாளரைப் பழிப்பதற்காக இது சொல்லப்படவில்லை. மட்டி அள்ளும் வணிகக் கப்பல்கள் எண்ணிப் பாராமலே அள்ளியவற்றுள் எத்தனை மிங்குகள் இருந்தனவோ!

திமிங்கிலத்தின் சான்று இன்னும் வியப்பானது. 2007இல் அலாஸ்காக் கடலோரப் பழங்குடியினர் பிடித்த ஒரு போஹெட் திமிங்கிலத்தின் கழுத்துச் சதைக்குள் பழைய எறியீட்டியின் உலோகமுனை புதைந்திருந்தது. அது 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் செய்யப்பட்ட வகை. நூற்றாண்டுக்கு முன் ஒருவர் எறிந்த படைக்கலத்தைத் தாங்கியபடியே அவ்வுயிர் நீந்திக் கொண்டிருந்திருக்கிறது. கண்வில்லையின் புரதத்தைச் சோதித்து, இவ்வினத்தில் 200 ஆண்டைத் தாண்டியதும் உண்டு என மதிப்பிட்டுள்ளனர். கிரீன்லாந்துச் சுறாவின் வயதும் கண்வில்லையால் அறியப்பட்டதே. 2016இல் வெளியான ஆய்வு, ஐந்து மீட்டர் நீளமுள்ள பெண்சுறா ஒன்றுக்குக் குறைந்தது 272 வயது என்று காட்டியது. முதுகெலும்புள்ள உயிர்களில் அதனினும் நீண்ட ஆயுள் இதுவரை அளக்கப்படவில்லை.

இனி, காரணத்துக்கு வருவோர் பலரும் முதலில் சொல்வது உருவத்தின் அளவு. மூஞ்சூறு ஓரிரு ஆண்டு, எலி இரண்டு மூன்று ஆண்டு, யானை அறுபது எழுபது ஆண்டு என்று அடுக்கினால் இது சரியென்றே தோன்றும். அதனுடன் நெஞ்சத்துடிப்புக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். சுண்டெலியின் நெஞ்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 முறை துடிக்கிறது. யானையின் நெஞ்சு 30 முறை. பெருக்கிப் பார்த்தால் இரண்டரை ஆண்டு வாழும் சுண்டெலிக்கும் அறுபது ஆண்டு வாழும் யானைக்கும் ஆயுள் முழுவதிலும் கிடைப்பது ஏறத்தாழ 80 முதல் 95 கோடித் துடிப்புகளே. விரைந்து எரியும் விளக்கு விரைந்து அணையும் என்னும் இந்தக் கருத்தை ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1908இல் முன்வைத்தார். எல்லா உயிருக்கும் அளந்து கொடுத்த துடிப்பு ஒன்றே என்பதில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் அது நிற்கவில்லை.

புறாவும் பெரிய எலியும் எடையில் ஏறத்தாழ ஒத்தவை. புறாவின் உடல் எலியினும் சூடானது. ரூப்னர் கணக்குப்படி புறா முந்தி மாள வேண்டும். எலியோ நான்கு ஆண்டைக் கடப்பது அரிது. வளர்ப்புப் புறா முப்பது ஆண்டைக் கடந்ததும் உண்டு. வௌவால் இக்கணக்கை அடியோடு குலைத்துவிடுகிறது. சைபீரியாவில் 1962இல் வளையமிடப்பட்ட பிராண்ட்ஸ் வௌவால் ஒன்று 41 ஆண்டு கழித்து மீண்டும் பிடிபட்டது. அதன் எடை ஏழு கிராம் அளவே. மனிதரும் கணக்குக்குள் அடங்குவதில்லை. எழுபது ஆண்டு வாழும் ஒருவருக்கு 250 கோடிக்கு மேல் துடிப்புகள் கிடைத்துவிடுகின்றன. நாய்களுக்குள் விதி தலைகீழாகவே இருக்கிறது. கன்றளவு வளரும் கிரேட் டேன் எட்டு, ஒன்பது ஆண்டுகளில் முடிய, மடியில் அடங்கும் சிறுநாய் பதினான்கு, பதினைந்து ஆண்டு வாழ்கிறது. 

அளவும் துடிப்பும் விடையல்ல என்றால் விடை எது? 1951இல் லண்டனில் பீட்டர் மெடவார் ஆற்றிய ஓர் உரை இதற்கு வழிகாட்டியது. அவர் கருத்தை வீட்டுப் பொருளைக் கொண்டு விளக்கலாம். குழந்தைகள் நிறைந்த ஒரு வீட்டில் ஆண்டுக்குப் பாதி மண்பானைகள் உடைந்துபோகின்றன என்று கொள்க. அவ்வீட்டார் இருபதாண்டு உழைக்கும் பானைக்குக் கூடுதல் விலை கொடுப்பாரா? கொடுக்கமாட்டார். எப்படியும் நான்கைந்து ஆண்டில் உடையப் போகும் பானைக்கு அவ்வளவு உறுதி வீண். இயற்கையும் அவ்வாறே கணக்கிடுகிறது. பூனை, பாம்பு, ஆந்தை எல்லாம் காத்திருக்கும் உலகில் எலி மூன்றாம் ஆண்டைக் காண்பது அரிது. மூன்றாம் ஆண்டில் வெளிப்படும் குறையை அதன் மரபிலிருந்து களைய வாய்ப்பே வருவதில்லை. அக்குறை வெளிப்படுமுன் எலி இறந்துவிடுகிறது; அதற்குமுன் குட்டிகளையும் ஈன்றுவிடுகிறது. ஆகவே எலியின் உடல், பழுது பார்ப்பதில் செலவிடாமல் விரைந்து பெருகுவதில் செலவிடுகிறது. பகை குறைந்த உயிர்களிலோ முதுமை வரை பலர் எஞ்சுவதால், உடலைப் பழுது பார்த்து வைத்திருப்பது பயன் தருகிறது. சுருங்கச் சொன்னால், ஓர் உயிரின் உள்ளே இருக்கும் ஆயுளை, அதன் முன்னோர்க்கு வெளியே இருந்த ஆபத்து தீர்மானித்திருக்கிறது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஸ்டீவன் ஆஸ்டட் என்னும் அமெரிக்க உயிரியலாளர் இதனை நேரில் சோதிக்க ஓரிடம் தேடினார். ஒப்போசம் என்பது பூனையளவுள்ள, வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் விலங்கு. அது வியக்கத்தக்க வேகத்தில் முதுமையடைவது. இரண்டு வயதுக்குள் கண்ணில் படலம், மூட்டுத் தளர்ச்சி எல்லாம் வந்துவிடும். ஜார்ஜியா மாநிலக் கரையை ஒட்டிய சப்பேலோ என்னும் தீவு சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலப்பரப்பிலிருந்து பிரிந்தது. அங்கே ஒப்போசம் உண்டு. அதனை வேட்டையாடும் காட்டுப்பூனை, நரி போன்றவை இல்லை. தீவு ஒப்போசங்கள் பகலிலும் அஞ்சாமல் திரிந்தன. ஆஸ்டட் தீவிலும் நிலப்பரப்பிலும் ஒப்போசங்களுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை பூட்டி விட்டுத் தொடர்ந்து கவனித்தார். முடிவு 1993இல் வெளிவந்தது. தீவு ஒப்போசம் நீண்டநாள் வாழ்ந்தது. அதுமட்டுமன்று, மெதுவாகவே முதுமையும் அடைந்தது. வால் தசைநாரைச் சோதித்தபோது, வயதுடன் வரும் இறுக்கம் தீவு விலங்குகளில் தாமதமாக வந்திருந்தது. ஓர் ஈற்றில் ஈனும் குட்டிகளின் எண்ணிக்கையும் தீவில் குறைவு. அச்சமற்ற சில ஆயிரம் ஆண்டுகள் அவ்வினத்தின் முதுமையையே தள்ளிவைத்துவிட்டன.

இந்த ஒரு திறவுகோல் பல பூட்டுகளைத் திறக்கிறது. சிறகு பகைக்குத் தப்பும் வழி. பறவையும் வௌவாலும் உருவத்துக்கு மிஞ்சி வாழ்கின்றன. ஓடு அரண், ஆமைக்கும் மட்டிக்கும் நூற்றாண்டுகள் உண்டு. மண்ணுக்கடி அரண், ஆப்பிரிக்காவின் மயிரற்ற மோல் எலி, சுண்டெலியைப் போன்ற சிறு உருவத்துடன் முப்பது ஆண்டைத் தாண்டுகிறது. கருந்தோட்டத்து எறும்பின் அரசி ஒன்று ஆய்வறையில் 28 ஆண்டு வாழ்ந்தது. அரசிக் கறையானின் நீண்ட ஆயுளும் இப்போது விளங்கும். புற்றுக்குள் நுழைந்துவிட்ட ஈசலைத் தீண்டுவார் இல்லை. வெளியே பறந்தவற்றை உண்ணாதார் இல்லை.

ஒரேமுறை ஈன்று மாளும் உயிர்களும் உண்டு. பசிபிக் சால்மன் மீன் கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்கு ஏறி முட்டையிட்டதும் இறக்கிறது. பெண் எண்காலி முட்டைகளைக் காத்தபடியே உண்ணாமல் இருந்து, அவை பொரிக்கும் தறுவாயில் உயிர் விடுகிறது. மறுமுறை ஈனும் வாய்ப்பு மிக அரிதான வாழ்க்கையில் உள்ளதனைத்தையும் ஒருமுறையிலேயே கொட்டிவிடும் முறை இது.

உடலுக்குள் இவ்வாயுள் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சிறிது அறிந்துள்ளனர். பதினாறு பாலூட்டி இனங்களின் குடல் உயிரணுக்களை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வின்படி, சுண்டெலியின் உயிரணுவில் ஆண்டுக்கு 800 அளவில் மரபுப் பிழைகள் சேர்கின்றன. மனிதரில் 47 அளவே. ஆயுள் முடியும்போது சேர்ந்திருக்கும் மொத்தப் பிழையோ இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுவதில்லை. நீண்ட ஆயுள் என்பது மெதுவாகப் பிழை செய்யும் ஆயுள் போலும். யானைக்கு அத்தனை பெரிய உடலிலும் புற்றுநோய் குறைவு. புற்றைத் தடுக்கும் மரபணு மனிதருக்கு ஓர் இணையே இருக்க, யானைக்கு இருபது இணைகள் உள்ளன. எனினும் யானைக்கு வேறோர் எல்லை உண்டு. அதன் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தொகுதியாக ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துத் தேய்கின்றன. அறுபதை ஒட்டிய வயதில் ஆறாவது தொகுதியும் தேய்ந்தபின் காட்டில் உள்ள யானை தழையிருக்கவே மெல்ல இயலாமல் மெலிகிறது. 2019இல் திருவனந்தபுரத்தில் இறந்த தாட்சாயணி என்னும் கோயில் யானை 88 வயது வரை இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பல் தேய்ந்த யானைக்கும் மெல்லத் தகுந்த உணவை ஊட்டும் கை இருந்தால் ஆயுள் நீள்கிறது.

நீண்ட ஆயுளுக்கு உயிர்கள் கொடுக்கும் விலை மெதுவான பெருக்கம். கிரீன்லாந்துச் சுறா ஈனும் பருவம் அடையவே 150 ஆண்டு ஆகும் என்பது கணிப்பு. யானை ஏறத்தாழ 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். 1956இல் வளையமிடப்பட்ட விஸ்டம் என்னும் ஆல்பட்ரோஸ் பறவை 2024இலும் மிட்வே தீவுக்கு வந்து முட்டையிட்டது. அவ்வினம் ஒரு பருவத்துக்கு இடுவது ஒரு முட்டையே. எலியைக் கொன்றால் எலிக்கூட்டம் மாதங்களில் மீளும். இத்தகைய உயிரில் ஒன்றைக் கொன்றால் அந்த இடம் ஒரு தலைமுறைக்கு வெற்றிடம். காலபகசுத் தீவுப் பேராமைகளுக்கு நேர்ந்தது அதுவே. உண்ணாமலும் பருகாமலும் மாதக்கணக்கில் உயிர்தரிக்கும் அவற்றின் ஆற்றல், நீண்ட ஆயுளோடு பிறந்த ஆற்றல். அதனாலேயே திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அவற்றைக் கெடாத இறைச்சிச் சேமிப்பாகக் கப்பலடியில் அடுக்கிச் சென்றன. இவ்வாறு மாண்டவை ஓரிலட்சத்துக்கு மேல் என மதிப்பிடுவர். பிண்டாத் தீவின் கடைசி ஆமை 2012இல் இறந்ததோடு அவ்வினம் முடிந்தது.

தத்துவார்த்த சூத்திரம் இடையில் குறைக்க இயலாத ஆயு உடையோர் இன்னார் எனச் சிலரைத் தனியே பிரித்துச் சொல்கிறது. ஏனைய உயிர்களின் ஆயு விடம், படைக்கலம் முதலிய புறக்காரணங்களால் இடையில் அறுபடக்கூடியது என்று உரைகாரர் விளக்குவர். ஆயுவினை பற்றி அறிந்த இந்த அவைக்கு, உடல் தாங்கும் காலம் ஒன்று, கிடைக்கும் காலம் வேறு என்னும் செய்தி புதிதன்று. இவ்விரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது காட்டிலன்று, தொழுவத்திலும் பண்ணையிலும்.

கோழி ஆறேழு ஆண்டு எளிதில் வாழும் பறவை. இறைச்சிக்கோழிக்கு இன்று கிடைப்பது ஆறு வாரம் அளவு. முட்டைக்கோழிக்கு ஒன்றரை ஆண்டு அளவு. அவ்வினத்தில் பிறக்கும் சேவற்குஞ்சு முட்டையும் இடாது, விரைந்து சதையும் பிடிக்காது. ஆகவே உலகெங்கும் பெரும்பாலான பொரிப்பகங்களில் பொரித்த நாளே அதற்கு முடிவு நாள். ஜெர்மனி 2022இன் தொடக்கத்தில் இதனைச் சட்டத்தால் தடுத்தது. ஒரு நாள் வாழ்வுக்கு உவமை வேண்டுவோர் ஈசலைத் தேட வேண்டியதில்லை.

இறைச்சியும் முட்டையும் தீண்டாத வீட்டுக்கு இது எட்டாச் செய்தியாகத் தோன்றலாம். பால் எட்டும் செய்தி. பசு இயல்பாக இருபது ஆண்டு வாழவல்லது. அயர்லாந்தில் பிக் பெர்த்தா என்னும் பசு 48 வயது வரை வாழ்ந்து 1993இல் இறந்தது. கன்று ஈன்றாலன்றிப் பால் இல்லை. பிறக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்று. ஏர் இழுத்த காலத்தில் அதற்கு வேலையும் வைக்கோலும் இருந்தன. டிராக்டர் வந்தபின் அதன் ஆயுள், எவர் கைக்கு விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்ததாயிற்று. பசுவுக்கும் கணக்கு உண்டு. பெரும் பால்பண்ணைகள் நடத்தும் நாடுகளில் இரண்டு மூன்று ஈற்றுக்குப் பின் பால் குறைந்ததும், ஐந்து ஆறு வயதில், பசு தொழுவத்திலிருந்து அனுப்பப்படுகிறது. இங்கும் மடி வற்றிய மாட்டுக்கு நாள்தோறும் தீவனம் வாங்கும் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பர். சந்தையில் வாங்குவோர் பார்த்தே வாங்குவர். கீழ்த்தாடையின் முன்பற்களில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் இரண்டிரண்டாக முளைக்கும். இரண்டு பல் என்றால் ஏறத்தாழ இரண்டு வயது. நான்கு, ஆறு என்று ஏறி, எட்டும் முளைத்து முடிவது நான்கரை, ஐந்து வயதில். பண்ணையிலிருந்து அனுப்பப்படும் பசுவின் வாயைத் திறந்து பார்த்தால் அந்த எட்டுப் பற்களும் அப்போதுதான் முளைத்து முடிந்திருக்கும்.